என் பேரில் வாங்கிய ஆமை

ஃபுச்கா எனக்குப் பிடிக்காது. நம்மூர் பானிபூரிதான், கொல்கத்தாவில் அதற்கு அந்தப் பேர். அந்தப் புளித்தண்ணி பட்டாலே பல் கூசும். இதை அக்காவிடம் கடைசிவரைக்கும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அக்கா ஃபுச்கா தின்றதெல்லாம் என் ஆசைக்காகத்தானே!

"பாவம்டி நீ, ஆபீஸ்லேர்ந்து வாடி வதங்கி வரே. ஒனக்கு ஃபுச்கா சாப்பிடணும்போல இருக்குமே" என்பாள். இல்லைக்கா என்று நான் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டியிருப்பாள். தெருமுனை வண்டியில் எனக்கு ரெண்டு, அவளுக்குப் பதினாலு. ஒன்றை விழுங்கும் முன்னே அடுத்ததற்குத் தொன்னையை நீட்டுவாள். அப்புறம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒன்னாலே என் வயிறும் கெட்டுப் போறது" என்று என்னையே திட்டுவாள். நானும் "சாரிக்கா" என்பேன். என்ன கொடுமை இது!

நான் விருதுநகர்க்காரி. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துக் கொல்கத்தா போனபோது எனக்கு இருபத்தஞ்சு வயசு. லேக் கார்டன்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் ரெண்டாவது மாடியில், அக்கா என்று நான் கூப்பிடுகிற இவள் வீட்டு ரூம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ரெண்டரை வருஷம் இருந்தேன். அக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு இருக்கும். தாத்தா காலத்தில் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிப்போன குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுவாள். ஆனால் காய்க்காரனோடு சண்டை போடுவதும், விரல்விட்டு எண்ணுவதும், தூக்கிவாரிப் போட்டால் "ஏ மா!" என்பதும் வங்காளியில். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "அண்ணாவுக்கு மொதல்ல ஆகட்டும்னு இருந்தோம், அப்புறம் அம்மாவுக்கு முடியலை, அப்புறம் அப்பாவுக்கு" என்று பஸ் ஸ்டாப் பேர் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொல்வாள்.

அவளுக்கு ஆசையே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நிறைய இருந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவாள். சாயங்காலம் டிவியில் வங்காளி சீரியல் ஓடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பாள். கேட்டால், "அப்பாவைப் பாத்துக்க வரா பாரு, அந்த ஆயாவுக்காகப் பாக்கறேன்டி. அவ வீட்டுல கரண்ட் இல்லாமப் போனா, காத்தால வந்து என்ன ஆச்சுன்னு கேப்பா." என்னை அந்த வீட்டுக்குள் வைத்ததே அவள் அப்பாவுக்குத் தமிழ் பேச ஆள் வேண்டும் என்றுதான். வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. பேசிக்கொண்டே இருந்தது அக்காதான்.

ஒரு துர்கா பூஜோ சமயம் கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கடுகு மஞ்சளில் ஒரு புடவை எடுத்தாள். யாருக்கு? புனேயில் இருக்கிற அண்ணிக்காம். அஷ்டமி அன்றைக்கு அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "புதுசு மொறமொறன்னு இருக்கு. அண்ணிக்கு உறுத்தப்போறது. ஒரு தடவை கட்டித் தோய்ச்சு அனுப்பறேன்" என்றாள். நல்லா இருக்குக்கா என்றேன். முகம் அப்படிச் சிவந்தது. அந்தப் புடவை புனே போகவே இல்லை.

அவள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். டீ கம்பெனி ஒன்றில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் போவதற்கு அஞ்சு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஹாலில், வாசல் கதவுக்கு நேரே சாய்வு நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்திருப்பார்கள். பால் பாக்கெட் முதல் தபால்வரை அவர் கண்ணில் படாமல் அந்த வீட்டுக்குள் ஒன்றும் நுழைய முடியாது. நான் ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே வந்தால் கையில் இருக்கிற பையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "சாப்டியா?" என்பார். கெட்ட மனுஷன் இல்லை. சத்தியமாக இல்லை.

நாற்காலிப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும். அக்கா பத்து நிமிஷம் கண்ணில் படவில்லையென்றால் இடது கையால் கரண்டியை எடுத்து டம்ளரில் தட்டுவார். டங், டங், டங். அடுப்பில் பால் இருந்தாலும், தலையில் சோப்பு இருந்தாலும் அக்கா ஓடுவாள். "என்னப்பா?" "ஒண்ணுமில்லே. இருக்கியான்னு பாத்தேன்." அவ்வளவுதான். மறுபடி பத்து நிமிஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் எண்ணினேன், காலையிலிருந்து ராத்திரி படுக்கிறவரை நாற்பத்தொரு தடவை. எனக்கே அந்தச் சத்தம் ஆபீஸில் காதுக்குள் கேட்க ஆரம்பித்தது. மத்தியானம் ரெண்டிலிருந்து நாலுவரை மாமா தூங்குவார். ஆயா பக்கத்தில் தரையில் படுத்திருப்பாள். அந்த ரெண்டு மணி நேரம்தான் அக்காவுடையது.

ஆமைப் பேச்சு அப்படி ஒரு மத்தியானத்தில்தான் வந்தது.

"ஒனக்கு ரூம்ல தனியா இருக்கறது போர் அடிக்கறது இல்லையாடி?"

"இல்லக்கா. தூங்குறதுக்கே நேரம் பத்தல."

"அடிக்கும். ஒனக்குத் தெரியலை. ஒரு ஆமை வளத்தா என்ன?"

"யாரு?"

"நீதான்."

எனக்குப் புரையேறிவிட்டது. அங்கே பக்கத்து வங்காளி வீடுகளில் பித்தளை ஆமையைத் தட்டில் தண்ணி ஊற்றி வைத்திருப்பார்கள், நல்லது வரும் என்று. ஆனால் தமிழ் வீட்டில்? பூனை குறுக்கே போனால் ஒரு வாய்த் தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஆமை வாசற்படி தாண்டினால் பரிகாரம் தேடி அலைய வேண்டும். எங்கள் அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த ரயிலில் வந்து என் காதைப் பிடித்து இழுத்துப் போவாள்.

"வேணும்னா ஒரு நாய்க்குட்டி வாங்குங்கக்கா."

"குரைக்கும்."

"பூனை?"

"பசிச்சா காலைச் சுத்திக் கத்தும்."

"கிளி?"

"அய்யோ, அது பேர் சொல்லிக் கூப்பிடும்டி." மாமா தூங்குகிற ஹால் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "ஆமை கூப்பிடவே கூப்பிடாது. தெரியுமோ ஒனக்கு? எத்தனை பசிச்சாலும் சும்மா இருக்கும். நாமளாப் போய்ப் பாத்தாத்தான் உண்டு."

உள்ளே டங், டங், டங். அன்றைக்கு மாமா சீக்கிரம் எழுந்துவிட்டார். அக்கா போய்விட்டாள். சரி, என் பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அவள் பண்ணிய ஆராய்ச்சியை என்ன சொல்ல! ஒரு பழைய டைரியில் வங்காளியில் எழுதி எழுதி வைத்தாள். நம் நாட்டு ஆமை எதையும் வீட்டில் வைக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். வெளிநாட்டு ஜாதியில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ஒன்று இருக்கிறது, அதைத்தான் கடையில் விற்கிறார்கள். அதை வைத்துக்கொள்ள என்ன எழுதிக் கொடுக்க வேண்டுமோ, அதையும் விசாரித்து வைத்திருந்தாள். நீந்தத் தண்ணி வேண்டும், ஏறி உட்கார்ந்து காயக் கல் வேண்டும், வெயில் வேண்டும், ஓடு இளகாமல் இருக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். முப்பது வருஷம்கூட இருக்கும். "முப்பது வருஷம்டி!" என்று அவள் சொன்னபோது எனக்குப் பகீர் என்றது. அவள் ஏதோ லீவு கிடைத்த மாதிரி சொன்னாள்.

கரியாஹாட் பின்பக்கச் சந்தில் ஒரு மீன்தொட்டிக் கடை. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். ரெண்டு மணிக்கு மாமா கண் மூடியதும் ஆட்டோ, மூன்றரைக்குத் திரும்பி ஆட்டோ. முதல் தடவை கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை முன்னால் வைத்தார். அஞ்சு ரூபாய்க் காசு அளவில் பத்துப் பதினைந்து குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. "பெருசாகாது தீதி. ஆயுசுக்கும் இவ்வளவுதான்" என்றார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டைரியைப் பிரித்தாள். "பெருசாகலேன்னா அது செத்துண்டிருக்குன்னு அர்த்தம். பெரிய தட்டு அளவுக்கு வரும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சேளா?" வங்காளியில் அவள் பொரிந்ததை எனக்குத் தெரிந்தவரை இப்படித்தான் சொல்ல முடியும். கடைக்காரர் சிரித்துவிட்டார். அவ்வளவு தெரிந்தவர்கள் யாரும் ஆமை வாங்க வருவதில்லை என்றார். ரெண்டாவது தடவை அவள் கேள்வி கேட்டாள், அவர் பதில் சொன்னார், ஒன்றும் வாங்கவில்லை. மூன்றாவது தடவை அவராகவே கடையின் பின்பக்கம் கூட்டிப் போனார்.

அங்கே ஒரு பெயின்ட் வாளி. வாளிக்குள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஆமை. யாரோ காசு அளவில் வாங்கிப் போய், வளர்ந்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டார்களாம். இனிமேல் யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார். வாளி ரொம்பக் குறுகல். அதால் திரும்பக்கூட முடியாது. மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு ஒரே பக்கமாக நின்றது.

அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் சும்மா பார்த்தாள். அப்புறம் எடுத்துத் திருப்பிப் பார்த்து, ஓட்டை விரலால் அழுத்தி, கண் வீங்கியிருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா என்று டைரியில் எழுதியது ஒன்று விடாமல் சோதித்தாள். கால் நாலையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்த ஆமை, அவள் மடியில் வைத்ததும் மெள்ளத் தலையை நீட்டியது. அக்கா மூச்சே விடவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் சரி என்று சொல்லிவிட்ட வீட்டில் அம்மாக்களுக்கு ஒரு முகம் வருமே, அது.

"இவளுக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்று கடைக்காரரிடம் என்னைக் காட்டினாள். நான் மேனேஜருக்கு போனில் பதில் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் திரும்பும்போது காய்கறிப் பையில் ஆமை, பை அக்கா மடியில். திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"யார் கேட்டாலும் ஒன்னோடதுன்னுதான் சொல்லணும்."

"சரிக்கா, அதான் எல்லாமே என்னோடதுதானே!"

"வெளையாடாதே. அப்பா என்னோடதுன்னு கேள்விப்பட்டா, தூக்கிப் போடும்பார். அவர் சொன்னா நான் போட்டுடுவேன். மாட்டேன்னு சொல்ல எனக்கு வராது. இத்தனை வயசாச்சு, வரலை. அதனால இது என்னோடதா இருக்கப்படாது. புரியறதா? சத்தியம் பண்ணு."

பையின் மேலே கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். கைக்குக் கீழே ஓடு மெதுவாக அசைந்தது.

இனி எப்படி உள்ளே கொண்டுபோவது? வாசல் வழியாக நடக்காது, மாமா எந்த நேரம் கண் திறப்பார் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கு இருந்த ஒரே பால்கனி என் ரூமை ஒட்டியது. முழுக்கக் கம்பி போட்டது, நடுவில் ஒரு சின்னக் கம்பிக் கதவு. தினமும் காலையில் அக்கா என் கட்டிலைச் சுற்றி நடந்துபோய், அந்தக் கதவு வழியாகக் கயிற்றில் பையை இறக்குவாள். கீழே காய்க்காரன் கத்திரிக்காய் போட்டு அனுப்புவான். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதே கயிறு, அதே பை. அக்கா மேலே போனாள், நான் கீழே நின்று கட்டினேன்.

பாதி தூரம் நன்றாகத்தான் ஏறியது. முதல் மாடி சன்ஷேடில் போய் மாட்டிக்கொண்டது. சரியாக அந்த நேரம் பார்த்து மேலே டங், டங், டங். மணி நாலுகூட ஆகவில்லை. "வந்துட்டேன்ப்பா!" என்று அக்கா கத்துகிறாள், கையில் கயிறு. கரண்டி நிற்கவில்லை. நான் கீழே ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு, முருகா முருகா என்று இங்கேயும் அங்கேயும் ஓடுகிறேன். தெருவில் போன ஒருத்தர் நின்று, பையில் என்ன என்று கேட்டார். பூசணிக்காய் என்றேன். கடைசியில் அக்கா கயிற்றை ஒரு உலுக்கு உலுக்கி இழுத்தாள். பை விடுபட்டு மேலே போய், கம்பிக் கதவில் இடித்து, நெருக்கிக்கொண்டு உள்ளே மறைந்தது.

நான் மாடியேறி வந்தபோது அக்கா மாமாவுக்குத் தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் வந்து காதில் சொன்னாள்: "பாத்தியா, வாசப்படி தாண்டவே இல்லை. அது நொழையலை. ஏறிண்டுன்னா வந்தது." அவள் மனசுக்கும் ஒரு நியாயம் வேண்டியிருந்தது போல.

ஒரு பெரிய டப், ரெண்டு செங்கல், பருந்துக்குப் பயந்து மேலே ஒரு வலை. கீரை நறுக்கிப் போடுவாள். சைவ வீடு, ஆனால் ஆமை சைவமில்லையே. குட்டி இறாலை ஆயாவிடம் வாங்கிவரச் சொல்லி, மூக்கைப் பொத்திக்கொண்டு இடுக்கியால் போடுவாள். "ஒனக்காக என்னெல்லாம் பண்ண வேண்டியிருக்கு" என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள். ஆமைக்குப் பேரே வைக்கவில்லை. "ஒன்னோடது இன்னிக்குச் சரியா சாப்பிடலை", "ஒன்னோடது செங்கல்லேர்ந்து குதிச்சுது, பாரேன் தைரியத்தை!" இப்படித்தான் பேச்சு.

ஒரு மாதத்தில் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆயாதான், நல்ல சேதி என்று நினைத்துச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் கரண்டி என்னைக் கூப்பிட்டது. அக்கா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"ஆமை ஒன்னோடதா?" வாய் கோணினாலும் ஆபீசர் குரல் போகவில்லை.

"ஆமா மாமா. பால்கனிலதான் இருக்கு."

"ஒங்காத்துல பெரியவா ஒண்ணும் சொல்லித் தரலையா?" ரொம்ப நேரம் யோசித்தார். "நீ வாடகை குடுக்கறே. அப்போ அந்த ரூம் ஒன் வீடு. என் வீட்டோட சேத்தி இல்லை. கதவைச் சாத்தியே வெச்சுக்கோ. ஒரு நாழிகூடத் தெறந்து வைக்கப்படாது."

தீர்ப்பு அவ்வளவுதான். அன்றைக்கு அக்கா எனக்கு ரெண்டு கரண்டி நெய் அதிகம் ஊற்றினாள்.

ஆனால் மாட்டிக்கொண்டது யார்? நான். ஊருக்குப் போகிறேன் என்றால் மாமா கேட்பார், "ஆமையை யார் பாத்துப்பா?" பொங்கலுக்குப் பத்து நாள் லீவு எடுத்ததை நாலு நாளாகக் குறைத்தேன். ரூம் கதவு சாத்தியே இருந்ததால் புழுங்கிச் செத்தேன். வேறு ரூம் பார்க்கலாம் என்றால், ஆமையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அக்காவும் அதே கதவுக்குள்தான் மாட்டியிருந்தாள். மாமா தூங்கிய பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியில் நாலு மணிவரை உட்கார்ந்திருப்பாள். ஒரு லீவு நாளில் நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தேன். பேசவில்லை, கொஞ்சவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆமையும் சும்மா இருந்தது. ரெண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

பிப்ரவரி மாதம் ஒரு மத்தியானம் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். மூன்று மணி வாக்கில் ஆயா எழுந்து பார்த்தபோது உடம்பு குளிர ஆரம்பித்திருந்ததாம். எனக்கு ஆபீஸுக்கு போன் வந்தது. புனேயிலிருந்து அண்ணா வந்தார், சென்னையிலிருந்து மாமாவின் தங்கை வந்தார். அந்த அத்தை வந்ததிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "நீ எங்கேடி இருந்தே அந்த நேரத்துல?" அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னாள்: "உள்ளே தூங்கிண்டிருந்தேன் அத்தை."

மூன்றாம் நாள் அத்தை ஈரப் புடவையை உலர்த்த என் ரூமுக்குள் போனார். அடுத்த நிமிஷம் ஒரு அலறல். "அய்யோ! ஆமைடா! இந்தாத்துல ஆமைடா!"

ஹாலில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "யாரோடது?" என்று அண்ணா கத்தினார். ஆயா பாவம், தனக்குத் தெரிந்ததைத்தானே சொல்வாள். என்னைக் கை காட்டினாள்.

"நோயாளி இருக்கற வீட்டுல ஆமையைக் கொண்டுவந்து வெச்சியா? அறிவில்லை ஒனக்கு? எங்கப்பாவைக் கொன்னுட்டியே!" அண்ணா என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். வாடகைக்கு வந்தவள் நான், மொழி தெரியாத ஊர், பக்கத்தில் என் ஆள் ஒருத்தர் இல்லை. நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? நாலு திட்டு வாங்கிக்கொண்டு ஆமையோடு வெளியே போயிருப்பேன். அவ்வளவுதானே! ஆனால் அப்போது அது தோன்றவில்லை.

"என்னோடது இல்ல. அக்காவோடது. அக்காதான் பாத்துப் பாத்து வாங்குனாங்க. தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு அதுகிட்டதான் உக்காந்திருப்பாங்க."

கடைசி வாக்கியத்தை யாருமே கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"தினமும் மத்தியானமா?" என்று அண்ணா மெதுவாகக் கேட்டார். அத்தை அழுகையை நிறுத்திவிட்டார்.

அக்கா காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். அவள் இல்லை என்று சொல்லிவிடுவாள், பழியைத் திரும்ப என் மேல் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஆமாம், என்னோடது. நான்தான் கடைக்குப் போனேன், நான்தான் எடுத்தேன். அன்னிக்கும் அது கிட்டேதான் இருந்தேன். கரண்டிச் சத்தம் கேட்டிருந்தா எழுந்து வந்திருப்பேன். கேக்கலை."

"ஒன் ஆமையாலேதான்டி அவன் போனான்!" என்றார் அத்தை.

அக்கா அத்தையைப் பார்க்கவில்லை. அண்ணாவைப் பார்த்தாள். "அப்பாவுக்கு மொதல்ல பக்கவாதம் வந்தப்போ இந்த வீட்டுல ஆமை இல்லை அண்ணா. நீ இருந்தே."

அண்ணா பால்கனிப் பக்கம் கையைக் காட்டி, சாயங்காலத்துக்குள் அதை ஏரியில் விட்டுவிட வேண்டும் என்றார். கூடாது, அது இந்த ஊர் ஜாதி இல்லை, ஏரியில் இருப்பதையெல்லாம் தின்றுவிடும் என்றாள் அக்கா. வீட்டை விற்றுவிட்டு நீ புனேக்கு என்னோடு வரப் போகிறாய், இதை அங்கே கொண்டுவர முடியாது என்றார் அண்ணா.

"அப்போ நான் வரலை. வீட்டையும் விக்க வேண்டாம்" என்றாள் அக்கா. குரல் நடுங்கிற்று, ஆனால் சொல்லிவிட்டாள். காபி ஆறுகிறது என்று தட்டை எடுத்து ஒவ்வொருத்தருக்கும் கொடுத்தாள்.

சாயங்காலம் பால்கனியில் அவள் டப்பில் தண்ணி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அழுகை வந்துவிட்டது.

"பயந்துட்டேன்க்கா. மன்னிச்சிருங்க. சத்தியம் பண்ணிட்டு இப்படிச் சொல்லிட்டேன்."

அவள் கப்பால் தண்ணி மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். "நீ சொல்லலைன்னா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்டி. சாகற வரைக்கும் ஒன்னோடதுன்னே இருந்திருப்பேன். அது நெஜம்."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆனா அதுக்காக நீ பண்ணினது சரின்னு ஆயிடாது" என்றாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என் கட்டில், பெட்டி, ஆணியில் தொங்குகிற ஆபீஸ் பை எல்லாவற்றையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. கடைக்காரரிடம் பேசின அதே குரல்.

"இந்த மாசக் கடைசிக்குள்ளே வேற எடம் பாத்துக்கோ. எனக்கு இந்த ரூம் வேணும்."